ரங்கூன் வீட்டில் நல்லெண்ணெய்: வாங்குவது, தேய்ப்பது, கழுவுவது

நல்லெண்ணெயைப் பற்றிக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. வேலைக்கோ கல்யாணமாகியோ தமிழ்நாட்டிலிருந்து ரங்கூனுக்குப் புதிதாக வந்து, ஊரில் பழகிய எண்ணெய் இங்கே எங்கே கிடைக்கும் என்று தேடுபவர்கள் ஒரு பக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்து, தீபாவளி விடியலில் பாட்டி உச்சந்தலையில் வைத்துவிடும் ஒரு கை எண்ணெயைத் தவிர வேறெதுவும் தெரியாமல், இப்போது தோல் வறண்டு குதிகால் வெடித்த பிறகு என்ன செய்வது என்று கேட்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணெய் சில வேலைகளை அருமையாகச் செய்யும்: வறண்ட தோல், வெடித்த குதிகால், வாரத்துக்கு ஒரு எண்ணெய்க் குளியல், சமையலில் பாமாயிலுக்கு மாற்று. சர்க்கரையைக் குறைக்கும், உடம்பிலுள்ள நச்சை எல்லாம் இழுத்து எடுத்துவிடும் என்று வாட்சப்பில் சுற்றுவதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்புறம் இன்னொன்று. மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டுகிற இந்த ஊரில் எண்ணெயை வைக்க எல்லோருக்கும் தெரியும், சரியான நேரத்தில் முழுசாகக் கழுவி எடுக்கத்தான் பலருக்குத் தெரிவதில்லை. தொல்லையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

எந்த எண்ணெய், எங்கே

எண்ணெய் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். உலகத்தில் எள் அதிகமாக விளையும் நாடுகளில் பர்மாவும் ஒன்று, அதிலும் மக்வே பக்கம் அந்த வறண்ட நடுப்பகுதி முழுக்க எள்ளும் கடலையும்தான். அந்த ஊர்களில் மாடு சுற்றும் மரச்செக்கை இன்றைக்கும் பார்க்கலாம். எள்ளில் கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய்தான், அதனால் ரசாயனம் எதுவும் சேர்க்காமல் வெறுமனே அழுத்தியே நிறைய எடுத்துவிட முடியும். ஆகவே ஊரிலிருந்து வருகிறவர்களிடம் பாட்டில் பாட்டிலாக எண்ணெய் கொண்டு வரச் சொல்லிப் பெட்டியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வித்தியாசம், நம் ஊர்ச் செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டும் வழக்கம் உண்டு, அந்த வாசனைக்கும் ருசிக்கும் பழகியவர்களுக்கு இங்குள்ள எண்ணெய் முதல் சில நாள் வேறு மாதிரித் தெரியும். தோலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

கடையில் போய் ‘ஹ்னான் ஸீ’ என்று கேளுங்கள், அதுதான் எள் எண்ணெய். ‘மியேபே ஸீ’ என்றால் கடலை எண்ணெய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். சில்லறையாக அளந்து விற்கும் கடைகளில் வீசைக் கணக்கு. பர்மா வீசை ஏறக்குறைய 1.63 கிலோ, ஒரு ஆள் வீட்டுக்கு அது அதிகம், முதல் தடவை கால் வீசையோ அரை வீசையோ போதும்.

கடையில் எதைப் பார்ப்பது? எண்ணெய்க்காரர் டின்னைத் திறந்ததும் கொஞ்சம் கேட்டுப் புறங்கையில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், நல்ல கடையில் கேட்பதற்கு முன்பே விடுவார்கள். மற்ற கையின் கட்டைவிரலால் சூடு வரும் வரை நன்றாகத் தேய்த்து மூக்கருகே கொண்டு போங்கள். எள் மணம் மெல்ல எழும்பி வர வேண்டும். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கு வாசனை லேசாக இருந்தாலும் அந்த டின்னை விட்டுவிடுங்கள். ஒரு துளி நாக்கிலும் வைத்துப் பாருங்கள். லேசான கசப்பு இருக்கலாம், தொண்டையைக் காறினால் வேண்டாம்.

கலப்படம் பற்றிப் பயம் எல்லோருக்கும் உண்டு, நியாயமான பயம்தான். வெளிநாட்டிலிருந்து நிறைய பாமாயில் இறங்குகிறது, விலையும் நல்லெண்ணெயைவிட எவ்வளவோ குறைவு, ஆகவே கலக்க ஆசை வரும். வீட்டில் ஒரு எளிய சோதனை செய்யலாம்: ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு இரவு வையுங்கள். சுத்தமான நல்லெண்ணெய் தெளிவாகவே இருக்கும். பாமாயில் நிறையக் கலந்திருந்தால் மேகம் போலக் கலங்கும், அடியில் வெள்ளையாகப் படியும். கடலை எண்ணெயும் குளிரில் கலங்கக்கூடியதுதான், அதனால் எது கலந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஏதோ கலந்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனைக்கு அகப்படாமலும் போகும். ஆய்வுக்கூடத்தில் எள் எண்ணெயைக் கண்டுபிடிக்க நிறம் மாறும் சோதனை ஒன்று உண்டு, இந்தியாவில் வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வைத்ததே அதற்காகத்தான். நெய்யில் எவனாவது வனஸ்பதி கலந்தால் உள்ளே இருக்கும் எள் எண்ணெய் இளஞ்சிவப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு எண்ணெயை மட்டும் தவறியும் உடம்புக்கு எடுக்காதீர்கள். ஒன்று, கோயில் வாசலிலும் பூஜைச் சாமான் கடையிலும் விற்கும் விளக்கு எண்ணெய். பாட்டிலில் சாமி படம் இருக்கும், வாசனையும் கமகமவென்று இருக்கும், அது எரிக்க மட்டுமே செய்தது. உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. இன்னொன்று சீனர் கடைகளில் சின்னப் புட்டியில் வரும் கரும்பழுப்பு எள் எண்ணெய். எள்ளை நன்றாக வறுத்து எடுத்தது, நூடுல்ஸ் மேல் நாலு சொட்டு விட அருமையாக இருக்கும், தலையில் வைத்தால் நாள் முழுக்க நம் மேல் சமையல்கட்டு வாசனைதான். தோலுக்கு வறுக்காத எள்ளில் ஆட்டிய மஞ்சள் நிற எண்ணெய்தான் சரி.

வாங்கி வந்ததும் பெரிய டின்னிலிருந்து உடம்புக்கு வேண்டியதைத் தனியாக ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். ஈரக் கையோடு டின்னைத் தொடவே கூடாது. நல்லெண்ணெயில் செசமின், செசமோலின் என்ற பொருள்களும் வைட்டமின் ஈ வகையும் இயற்கையாகவே இருப்பதால் மற்ற எண்ணெய்களைப் போல அது சட்டென்று கெடுவதில்லை, இருந்தாலும் வெயில் படும் ஜன்னலோரமும் அடுப்புப் பக்கமும் அதற்கு ஆகாது.

தொடங்கும் முன் ஒரு சோதனை

எள் ஒவ்வாமை உண்மையானது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் கடுமையானது. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள் இருப்பதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று ஆக்கியதே அதனால்தான். செக்கு எண்ணெயில் எள்ளின் புரதமும் சிறிது தங்கியிருக்கும். எள்ளுருண்டை தின்றால் வாய் அரிக்கிறது, உதடு வீங்குகிறது என்கிறவர்கள் இந்த எண்ணெயைத் தொட வேண்டாம். சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் இறங்கவும் வேண்டாம்.

மற்றவர்கள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசு அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு சொட்டு வைத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ பொரிப்பொரியாகவோ வந்தால் நிறுத்திவிடுங்கள். வரவில்லையென்றால் மேலே போகலாம்.

எண்ணெய்க் குளியல், படிப்படியாக

பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்பது நம் வழக்கம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒத்துவரும் என்றால் ஞாயிற்றுக்கிழமையே குளியுங்கள், தோலுக்குக் கிழமை தெரியாது. ஆனால் பருவம் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வறண்டிருக்கும்போது வாரம் ஒருமுறை தாராளமாக. மார்ச் ஏப்ரல் வெயிலில் காலையிலேயே முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். தலை உலராமல் ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு பஸ் ஏறுவது மாதிரி இருந்தால் அந்த வாரம் வேண்டவே வேண்டாம்.

ஒரு ஆளுக்குத் தலைக்கும் உடம்புக்கும் சேர்த்து ஒரு சின்னக் காபி தம்ளரில் கால்வாசி, அதாவது 40, 50 மில்லி போதும். அதற்கு மேல் வைத்தால் தோல் கூடுதலாகக் குடித்துவிடாது, தரையில்தான் வழியும். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். மோல்மீனில் எங்கள் அத்தை செய்வது ஒரு முறை, எனக்கு அதுதான் பிடிக்கும்: ஒரு பாத்திரத்தில் கொதித்த வெந்நீரை ஊற்றி, அதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து, இரண்டு மிளகைப் போட்டுவிட்டுத் துண்டு எடுக்கப் போவார், திரும்பி வருவதற்குள் எண்ணெய் வெதுவெதுப்பாகியிருக்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடே தெரியாத மாதிரி இதமாக இருந்தால்தான் அடுத்தவர் தலையில் கை வைப்பார். மிளகு வழக்கத்துக்காகப் போடுவது, போடாவிட்டாலும் ஒன்றும் குறையாது. அந்த மணிக்கட்டுச் சோதனையை மட்டும் விடாதீர்கள், குழந்தைக்கு வைப்பதானால் கட்டாயம்.

குளியலறைத் தரையில் நின்றுகொண்டு தேய்க்கக் கூடாது. ஒரு பழைய சாக்கையோ கோணியையோ விரித்து மணையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எண்ணெய்க் கால் மொசைக் தரையில் எப்படி வழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை, வயதானவர்கள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படித்தான். உச்சந்தலையில் தொடங்கி விரல் நுனியால் (நகத்தால் வேண்டாம்) வேர்வரை தேய்த்து, அப்புறம் காதின் பின்புறம், கழுத்து, தோள், கை, முதுகு, கால் என்று இறங்குங்கள். மூட்டுகளில் வட்டமாக, நீண்ட எலும்புகள் மேல் நீளவாட்டில். பாதத்துக்கும் விரலிடுக்குக்கும் கடைசி.

ஊறும் நேரம் 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி. இரண்டு மணி நேரம் ஊறினால் இரண்டு மடங்கு பலன் என்பது இல்லவே இல்லை. சளி பிடித்திருக்கும்போதும் காய்ச்சலிலும் தள்ளிப் போடுங்கள்.

இனி கழுவுவது. முதலில் வெந்நீரை ஊற்றாமல், ஒரு பழைய துணியாலோ காகிதத்தாலோ உடம்பிலுள்ள மிச்ச எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். பழைய கட்டடங்களில் அடுக்குமாடிக் குழாயெல்லாம் எண்ணெய் படிந்து அடைத்துக்கொள்ளும், கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம். தலைக்கு ஊரிலிருந்து சீயக்காய்ப் பொட்டலம் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. பர்மியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தலைக்குப் போடும் ‘தயோ கின்பூன்’ இருக்கிறதே, அதில் கின்பூன் என்பது நம் சீயக்காயேதான், அதே காய். தயோ என்பது ஒரு மரத்தின் பட்டை, தண்ணீரில் ஊறினால் வழவழவென்று வரும். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டினால் நுரையும் வரும், முடியும் சிக்காகாது. திஞ்ஜான் சமயத்தில், நம் சித்திரை வருஷப் பிறப்பும் அப்போதுதானே, பர்மிய வீடுகளில் புது வருஷத்துக்கு இதைப் போட்டுத்தான் தலை கழுவுவார்கள். தெயின்ஜி சந்தையில் நாட்டு மருந்து விற்கும் வரிசையில் காயும் பட்டையும் உலர்ந்ததாகக் கிடைக்கும், சந்தைகளில் காய்ச்சியதையே பையில் கட்டியும் விற்கிறார்கள். காய்ச்சியது சீக்கிரம் புளித்துவிடும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கண்ணில் பட்டால் நெருப்பாக எரியும் என்பதால் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுவது நல்லது. இது எதற்கும் நேரமில்லை என்றால் சாதாரண ஷாம்பூவே போதும், உலர்ந்த தலையில் முதலில் ஷாம்பூவைத் தேய்த்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் எளிதாகப் போகும்.

உடம்புக்குப் பாசிப்பயற்று மாவு. பயறு மலிந்த நாடு இது, கால் கிலோ வாங்கி அரைத்து வைத்தால் இரண்டு மாதம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துத் தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போய்ப் பதமாக ஒரு மெல்லிய பூச்சு மட்டும் தங்கும். அந்தப் பதம்தான் வேண்டும். சோப்பைப் போட்டுக் கரகரவென்று தேய்த்துவிட்டால் எண்ணெய் வைத்ததே வீண்.

எண்ணெய் ஊறிய துண்டுகளை உருட்டி மூலையில் போடாதீர்கள். வெந்நீரும் சோடாவும் போட்டு அலசி விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் துண்டிலிருந்தே சிக்கு வாசனை அடிக்கும்.

குளித்த பிறகு கன்னத்தில் தனாக்கா, அதாவது பர்மியர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து, பூசலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் தனாக்கா ஒட்டாமல் திட்டுத் திட்டாக உதிரும், முகத்தை மட்டும் சுத்தமாகக் கழுவிவிட்டுக் கல்லில் புதிதாக அரைத்துப் பூசுங்கள். இன்னொன்று, நல்லெண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. வெயிலில் நிற்கிறவர்கள் அதை நம்பி நிற்கக் கூடாது. குடையும் தொப்பியும் முறையான சன்ஸ்கிரீனும்தான்.

தினசரிக்கு: வறண்ட தோலும் குதிகாலும்

குளிர்காலத்தில் முழங்கால் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிகிறதா? எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரத்தைத் தப்பவிடாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் காய்ந்த தோலில் தேய்ப்பதில் பிரயோஜனம் குறைவு. குளித்துவிட்டுத் துண்டால் லேசாக ஒற்றி, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஒரு காலுக்கு நாலைந்து சொட்டு எடுத்து உள்ளங்கையில் பரப்பித் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்து லுங்கியில் எண்ணெய்க் கறை படிந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

குதிகால் வெடிப்புக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை. வருஷம் முழுக்கச் செருப்புப் போட்டே நடக்கிற ஊர் இது, குளிரில் வெடிக்காத குதிகால் குறைவு. இரவு படுக்கும் முன் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை வைத்து, பாதம் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, வெடிப்புக்குள் இறங்கும்படி எண்ணெயைத் தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். முதல் இரண்டு நாளில் ஒன்றும் தெரியாது, விடாமல் செய்தால் ஓரங்கள் மெல்ல மிருதுவாகும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டும் இந்த ஊறவைப்பதும் கல்லால் தேய்ப்பதும் செய்யவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், நீரின் சூடும் தெரியாது, தோல் கீறியதும் தெரியாது, அங்கிருந்து புண்ணாகி விரலையே எடுக்கும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் தினமும் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்து, விரலிடுக்கை விட்டுவிட்டு லேசாக எண்ணெய் தடவினால் போதும், வெடிப்பில் ரத்தமோ சீழோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கெல்லாம் வைக்கக் கூடாது

பொடுகு. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொடுகு வந்ததும் நம் வீட்டில் யாராவது ‘தலை காய்ஞ்சு போச்சு, எண்ணெய் வை’ என்பார்கள். பொடுகுக்குப் பின்னால் பெரும்பாலும் மலசீசியா என்கிற ஈஸ்ட் கிருமி இருக்கிறது. அதற்கு உணவே தோலிலுள்ள கொழுப்பு அமிலங்கள், நல்லெண்ணெயில் நிறைய இருக்கும் ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள் அதற்கு விருந்து. எண்ணெய் வைத்தவுடன் செதில் படிந்து மறைவதால் குணமான மாதிரி தெரியும், இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாக உதிரும். மழைக்காலத்தில் முதுகிலும் மார்பிலும் வரும் தேமலும் அதே கிருமியின் வேலைதான். இரண்டுக்கும் கீட்டோகோனசோல் சேர்ந்த ஷாம்பூ மருந்துக்கடையில் கிடைக்கிறது, குணமாகும் வரை எண்ணெய்க்கு விடுமுறை கொடுங்கள். தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்கும் எண்ணெய் ஆகாது.

வேர்க்குருவும் அப்படியே. வியர்வைக் குழாய் அடைத்துக்கொண்டதால் வருவது அது, மேலே எண்ணெயைப் பூசி இன்னும் அடைப்பானேன்? பருவுள்ள முகத்துக்கும் வேண்டாம். தீக்காயத்தில் எண்ணெய் ஊற்றுவது பெரிய தவறு, சூடு உள்ளேயே தங்கும். உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்.

கண், காது, மூக்கு மூன்றிலும் எண்ணெய் விடும் பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் என்ன சொன்னாலும் குழந்தைக்கு இதைச் செய்ய விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போனால் இருமி வெளியே தள்ள முடியாது, அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சிசுக்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். தொப்புளில் எண்ணெய் விட்டால் உடம்பெல்லாம் பரவும் என்பதிலும் பொருளில்லை, பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்த ரத்தக்குழாய்கள் மூடிவிடும். பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடி விழும் வரை அந்த இடத்தை உலர்வாகவும் சுத்தமாகவும் வைத்தால் போதும்.

மற்றபடி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டிக் குளிப்பாட்டும் பழக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. பால் குடித்தவுடன் வேண்டாம், அழுத்தாமல் மென்மையாகத் தடவுங்கள், காற்றில் வைத்திருக்காமல் சீக்கிரம் குளிப்பாட்டித் துடையுங்கள். குறைமாதக் குழந்தை, அல்லது கன்னத்திலும் மடிப்புகளிலும் சிவந்து கசியும் கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் செக்கு எண்ணெய் வைக்காதீர்கள். உடைந்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் பின்னால் அந்த உணவே ஒவ்வாமல் போக வாய்ப்புண்டு என்று மருத்துவர்கள் இப்போது கருதுகிறார்கள்.

முடி வளருமா என்றும் கேட்பார்கள். எண்ணெய் உரசலைக் குறைக்கும், அதனால் சீவும்போது முடி குறைவாக அறுபடும். வேரிலிருந்து புது முடியை அது கொண்டுவராது. முடிக்குள்ளேயே ஊடுருவி முடியைக் காப்பதில் ஆய்வு ஆதாரம் வலுவாக இருப்பது தேங்காயெண்ணெய்க்குத்தான், முடியே உங்கள் கவலை என்றால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

வாய் கொப்பளிப்பது

காலையில் பல் விளக்கும் முன் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை வாயில் வைத்து, பல்லிடுக்குகளில் புகும்படி 10 நிமிடம் மெதுவாக ஓட்டி, பால் போல வெளுத்ததும் குப்பைத் தொட்டியில் துப்புங்கள். கை கழுவும் தொட்டியில் துப்பினால் குழாய் அடைக்கும். விழுங்கக் கூடாது, அண்ணாந்து தொண்டையில் களகளவென்று செய்யவும் கூடாது, புரையேறினால் அதே நுரையீரல் ஆபத்துதான். துப்பிவிட்டு நீரால் கொப்பளித்து வழக்கம்போல் பல் விளக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். சென்னையில் பல் மருத்துவர்கள் 2008, 2009இல் வெளியிட்ட சிறிய ஆய்வுகளில் பற்படலமும் கிருமியும் குறைந்ததாகக் கண்டார்கள், ஆனால் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஆதாரம் போதாது என்று இதைப் பரிந்துரைக்கவில்லை. என்னைக் கேட்டால் செய்வதில் கெடுதல் இல்லை, பிரஷ்ஷுக்குப் பதிலாகச் செய்யாத வரை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தெருவுக்குத் தெரு வெற்றிலைக் கடை உள்ள ஊரில் இருக்கிறோம். நாளெல்லாம் பாக்கும் புகையிலையும் மென்றுவிட்டுக் காலையில் நல்லெண்ணெய் கொப்பளித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பாக்கே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வாய்க்குள் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயை முழுசாகத் திறக்க முடியாத இறுக்கம், காரம் பட்டாலே எரிச்சல், இவற்றில் எது இருந்தாலும் எண்ணெயை மூடி வைத்துவிட்டு அந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். அண்ணனோ மாமாவோ யாராக இருந்தாலும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.

சமையலில்

உடம்புக்குள் போகும் எண்ணெய்தான் தோலில் தடவுவதைவிட அதிகம், ஆனால் இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைகொழுப்பு, நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். தினச் சமையலில் பாமாயிலை எடுத்துவிட்டு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்தால் கெட்ட கொலஸ்ட்ராலுக்கு நல்லது. கூடவே அளவும் குறைய வேண்டும்: ஒரு மேசைக்கரண்டி எந்த எண்ணெயானாலும் 120 கலோரி. பர்மிய முறையில் எண்ணெய் மேலே மிதந்து வரும் வரை வதக்கிய ஸீப்யன் கறி ருசிதான், பரிமாறும்போது மேல் எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுங்கள். செக்கு நல்லெண்ணெயைப் புகைய விடாமல் தாளிப்புக்கும் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் இட்லிப் பொடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வடை, பயாஜோ பொரித்து மிஞ்சிக் கறுத்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்கவும் வேண்டாம், வீணாகிறதே என்று குதிகாலில் தடவவும் வேண்டாம்.

ரத்தக்கொதிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எண்ணெயை மாற்றினாலும் மாத்திரை அப்படியே தொடர வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சமையல் எண்ணெயை மாற்றியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கொலஸ்ட்ரால் பரிசோதனையை எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.